நாற்பதாவது எண்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கமா சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. காவலாளியில் ஆரம்பித்துத் தலைமைப் பொறியாளர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் கமா சார்தான். முதலில் கேலிக்கு வைத்தது, அப்புறம் கேலி தேய்ந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அவருக்கும் அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கூப்பிட ஆள் இருந்தால் போதும் என்கிற மனிதர்.

குடிநீர் வழங்கும் அலுவலகம் எங்களுடையது. முதல் மாடியில் நீளமாக ஓர் அறை. ஜன்னல் பக்கம் அவர் மேசை, அடுத்தது என் மேசை. என் மேசைமேல் புகார் தொலைபேசி. யார் வீட்டில் தண்ணீர் வராவிட்டாலும் முதலில் வாங்கிக்கட்டிக்கொள்கிறவள் நான். பன்னிரண்டு வருடமாக வாங்கிக் காது மரத்துப் போயிருக்கிறது. ஆனால் வாய் மரக்கவில்லை. அதனால் என்னிடம் வம்பு வைத்துக்கொள்ள அலுவலகத்தில் பலரும் யோசிப்பார்கள்.

எங்கள் தொட்டியிலிருந்து நாற்பது தெருக்களுக்குத் தண்ணீர் போகிறது. எந்தத் தெருவின் வால்வை எத்தனை நிமிடம் திறப்பது என்று கணக்குப் போட ஒரு ஃபோர்ட்ரான் ப்ரோக்ராம் உண்டு. நாங்கள் யாரும் வேலைக்குச் சேருவதற்கு முன்பே யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்துவிட்டுப் போனது. தெருவுக்கு எத்தனை வீடு என்று நாற்பது எண்களை, நடுநடுவே கமா போட்டு, ஒரு கோப்பில் வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்புக்கு நேம்லிஸ்ட் என்று பெயர். மேலே ஒரு தலைப்பு, நடுவில் எண்கள், முடிவில் ஒரு சாய்கோடு. வெள்ளிக்கிழமைதோறும் ப்ரோக்ராம் அதைப் படித்துவிட்டு ஒரு தாளைத் துப்பும். சனிக்கிழமையிலிருந்து லைன்மேன் அந்தத் தாளைப் பார்த்து வால்வைத் திருகுவார். ஊரே குளிப்பதும் குளிக்காததும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

அந்த நேம்லிஸ்டைப் பார்த்துக்கொள்வதுதான் கமா சாரின் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒருமுறை ஓர் அதிகாரி, ஒரு தெருவில் நாற்பது நாற்பது வீடாக மூன்று கட்டடம் வந்திருக்கிறது என்று, 3*40 என்று எழுதிவிட்டார். பெருக்கிக்கொள்ளும் என்று நினைப்பு. ஃபோர்ட்ரானுக்கு அது பெருக்கல் இல்லையாம். நாற்பதை மூன்று தடவை எழுதியதாக அர்த்தமாம். அடுத்தடுத்து மூன்று இடத்தில் நாற்பதைப் போட்டுவிட்டு, கடைசியில் இரண்டு எண் உபரியாக நிற்க, ப்ரோக்ராம் கத்திக்கொண்டே நின்றுவிட்டது. அதிகாரியும் கூடவே கத்தினார். கமா சார் வந்து குனிந்து பார்த்து, நட்சத்திரத்தை எடுத்துவிட்டு நூற்றிருபது என்று தட்டினார்.

"கத்தினா நல்லதுதான்மா. கூடுதலாக் குடுத்தா அது கத்தும், நாம பிழைச்சுக்கலாம். குறைச்சலாக் குடுத்தா வாயே திறக்காது. அதுதான் ஆபத்து" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார்.

"வாயே திறக்காம என்ன பண்ணும்?"

"குடுத்த வரைக்கும் வாங்கிக்கும். குடுக்காத இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சோ அப்படியே வச்சுக்கும்."

"நீங்களும் அப்படித்தானே சார்" என்றேன். நான் சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் மனைவி, மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று வெளிநாடு போனவர். முதல் பேரன் நடக்கப் பழகுவதற்குள் இரண்டாவதாகப் பேத்தி வந்தாள். பேத்தியை விட்டு வர மனம் வரவில்லை. இப்போது நாலு வருடம். சண்டை கிண்டை எதுவும் இல்லை, அதுதான் பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். போனைக் குழந்தைகள் பக்கம் திருப்பிவிட்டு அந்த அம்மா அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவார். குழந்தைகளுக்கு நம் பேச்சு அரைகுறை. தாத்தா கை காட்டுவார், அவர்களும் காட்டுவார்கள். நாலு நிமிடத்தில் அன்பு தீர்ந்துபோய்விடும்.

அவர் இருந்தது நாற்பதாவது தெரு. குழாயின் கடைக்கோடி. இருபத்தெட்டு வீடு. மற்றவர்களுக்கெல்லாம் போய்விட்டு மிச்சம் மீதிதான் அங்கே வந்து சேரும், அதுவும் நூல் மாதிரி. தண்ணி ஆபீசில் வேலை பார்க்கிறவன் ஒருத்தன் தெருவில் இருந்தும் நமக்கு இந்தக் கதி என்று அந்தத் தெருக்காரர்களுக்கு ஆத்திரம். அவர் நடந்து வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்களாம். எதிர்வீட்டு வேன் டிரைவர் ஒருநாள் காலிக் குடத்தை அவர் காதில் விழுகிற மாதிரி நங்கென்று வைத்தாராம். அதை அவர் என்னிடம் சொன்னபோது, பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டீர்களா என்றேன். குடம் நசுங்கியிருக்குமே என்றுதான் அவருக்குக் கவலை.

போன மாதம் அவருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தது. ஆஸ்பத்திரியில் கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். யாரும் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, இரண்டு தடவை தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நானே போனேன். நர்ஸ், நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"பக்கத்து மேசை" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையே எழுதிக்கொண்டாள்.

அவர் விடுப்பில் இருந்த நாட்களில்தான் இருபத்திரண்டாவது தெருவைச் சாலைக்காக இடித்துத் தள்ளினார்கள். அங்கே இருந்த வீடுகளின் எண்ணைக் கோப்பிலிருந்து எடுக்க வேண்டும். புதிதாக வந்திருந்த பொறியாளர் எடுத்தார். எண்ணை அழித்ததும் இரண்டு கமா பக்கத்தில் பக்கத்தில் நின்றது. பார்க்க நன்றாக இல்லை என்று ஒரு கமாவையும் சேர்த்து அழித்துவிட்டார். ப்ரோக்ராம் சத்தம் போடாமல் ஓடியது. தாளும் வந்தது. அவரும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

கமா சார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார். இரண்டு வாரம் கணினித் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. அதனால் வெள்ளிக்கிழமைத் தாளைப் பொறியாளரே எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் நான் கவனித்தது வேறு. மனிதர் மாறிக்கொண்டே வந்தார். பாட்டு முணுமுணுத்தார். மாலையில் மணி அடித்த கையோடு பையைத் தூக்கினார். முன்பெல்லாம் விளக்கை அணைக்கிற காவலாளியோடுதான் இறங்குவார்.

"என்ன சார், வீட்டுல விசேஷமா? அம்மா வந்துட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லம்மா. தெருவுல தேடுவாங்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் தெருவில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்ட ஆரம்பித்திருந்தது. குடம், வாளி, தொட்டி எல்லாம் நிரம்பி, மிச்சத்தில் வேனையே கழுவினார்களாம். சார் விடுப்பில் போனதே இதற்காகத்தான், மேலே யாரையோ பார்த்துப் பேசி முடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை என்று அவர் தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தார். "புரியுது சார், வெளிய சொல்லக் கூடாதுதான்" என்று டிரைவர் கண்ணடித்தாராம். பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா ஏதாவது செய்தால் ஒரு கிண்ணத்தில் மூடிக் கொண்டுவந்து கொடுத்தார். மாலையில் தெருவிளக்குக்குக் கீழே நாற்காலி போட்டுச் சதுரங்கம். அவருக்கென்று ஒரு நாற்காலி, யார் வந்தாலும் அதில் உட்கார விடுவதில்லையாம். எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைத்த கதையை எனக்கு மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவையும் நான் முழுதாகக் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவே சேர்ந்து டிரைவரின் வேனில் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. சாருக்கு ஜன்னலோரம். கண்ணில் வெயில் படக் கூடாதே என்று ஒரு துணித் தொப்பி வாங்கி வந்து, என் எதிரில் போட்டுக் காட்டினார்.

"நல்லா இருக்கா?"

"கிரிக்கெட் அம்பயர் மாதிரி இருக்கு" என்றேன். சந்தோஷமாகக் கழற்றி மடித்து மேசைக்குள் வைத்தார்.

இதே இரண்டு வாரமாக எனக்கு மேட்டுத் தெருவிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது. அது முப்பத்தொன்பதாவது தெரு, தொண்ணூற்றைந்து வீடு. தண்ணீர் திறந்தவுடன் நின்றுவிடுகிறது என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். ஒரு பெண் மட்டும் திட்டவில்லை. படுத்த படுக்கையாக இருக்கிற அப்பாவை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறவள். தினமும் காலையில் கூப்பிட்டு, "இன்னிக்காவது வருமாம்மா?" என்று மட்டும் கேட்பாள். நான் லைன்மேனைப் பிடித்து உலுக்கினேன். "தாள்ல போட்டிருக்கிறபடிதான் திறக்கிறேன், வேணும்னா நீங்க வந்து திருகுங்க" என்றார் அவர். சரி, தாளையே பார்க்கலாம் என்று வியாழக்கிழமை கமா சாரிடம் சொன்னேன். டாக்டர் வைத்த கெடுவும் அன்றோடு முடிந்திருந்தது.

கோப்பைத் திறந்தார். பென்சில் முனையால் திரையில் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். கடைசி எண்ணில் பென்சில் நின்றது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அப்புறம் கோப்பை மூடிவிட்டார்.

"நாளைக்குப் பார்க்கலாம்மா" என்றார்.

ஒரு கமா தப்பாக இருந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து வருகிற ஆள். எனக்கு அப்போதே சுருக்கென்றது.

வெள்ளிக்கிழமை காலையில் வந்ததும் அதே கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னன்னு சொல்லிடுங்க சார்."

சொன்னார். நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பது எண்தான் இருக்கிறது. இருபத்திரண்டாவதை அழித்ததும் பின்னால் இருந்தவை எல்லாம் ஆளுக்கு ஓர் இடம் முன்னால் நகர்ந்துவிட்டன. மற்ற தெருக்கள் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. மேட்டுத் தெருவுக்குத்தான் அடி. அதன் தொண்ணூற்றைந்து முன்னால் போய்விட, அவர் தெருவின் இருபத்தெட்டு அதன் தலையில் வந்து விழுந்துவிட்டது.

"அப்ப உங்க தெருவுக்கு?"

"எங்களுக்கு எண்ணே இல்ல. இல்லாத இடத்துல பழசு அப்படியே நிக்கும். ப்ரோக்ராம் எழுதினவரு ஆரம்பத்துல எல்லாத் தெருவுக்கும் நூறு நூறுன்னு போட்டு வச்சிருக்காரு, சும்மா ஒரு பேச்சுக்கு. அந்த நூறுதான் எங்களுக்குக் கொட்டிக்கிட்டிருக்கு."

"இப்ப என்ன பண்ணணும்?"

"இருபத்திரண்டாவது இடத்துல ஒரு பூஜ்யம். ஒரு கமா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றார், ஆனால் கை விசைப்பலகைக்குப் போகவில்லை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலி, கிண்ணம், சதுரங்கம், பல் முளைத்த குழந்தை, ஜன்னலோரம் எல்லாம் அந்த ஒரு பூஜ்யத்தில் போய்விடும். நான் நியாயஸ்தி இல்லை. இருந்ததும் இல்லை.

"ஒரு வாரம்தானே சார். இத்தனை நாள் போனது போச்சு. ஞாயித்துக்கிழமை போய்ட்டு வாங்க. அடுத்த வெள்ளி போட்டுக்கலாம், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தலையசைக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அசைத்தும்விட்டார் பாதி.

தொலைபேசி அடித்தது. எடுத்தேன். அந்தப் பெண்தான். பழைய கருவி அது, பேசுகிறவர் குரல் பக்கத்து மேசை வரைக்கும் கேட்கும். இன்றைக்கு வருமா என்று அவள் கேட்கவில்லை.

"அப்பாவுக்கு உடம்பு துடைச்சு விட்டு நாளாச்சும்மா. முன்னெல்லாம் தண்ணி கேட்டுச் சத்தம் போடுவாரு. இப்பக் கேக்கறதில்ல. பக்கத்துல போனா முகத்தைத் திருப்பிக்கிறாரு. தன்மேல நாத்தம் அடிக்குதுன்னு அவருக்கே கூச்சம்."

நான் ஏதோ சமாதானம் சொல்லி வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது கமா சார் ஏற்கனவே பூஜ்யத்தைத் தட்டிவிட்டிருந்தார். நாற்பதையும் ஒருமுறை எண்ணி, சாய்கோடு இருக்கிறதா என்று பார்த்து, ஓடவிட்டார். தாள் வந்ததும் அதை லைன்மேனிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஞாயிறு முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தேன். வந்தார். பையை வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார்.

"கடல் எப்படி இருந்துச்சு சார்?"

"போகலம்மா. டிரைவரோட மச்சான் குடும்பம் திடீர்னு வந்துட்டாங்களாம். வேன்ல இடம் பத்தல."

"மச்சானா?"

"அப்படித்தான் சொன்னாரு."

விடுவேனா நான்? குடைந்து குடைந்து கேட்டுவிட்டேன். சனிக்கிழமை அவர் தெருவில் தண்ணீர் பழையபடி நூலாகிவிட்டது. மாலையில் டிரைவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். கோபமாக அல்ல, ரொம்ப அக்கறையாகத்தான். "என்ன சார், மேலிடத்துல கண்டுபிடிச்சுட்டாங்களா? உங்களுக்கு ஏதும் பிரச்சினை வந்துடலையே?" என்று கேட்டிருக்கிறார். பதிலை அவரே செய்து கையில் கொடுத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் பாக்கி. அந்தத் தெரு அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருக்கும்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யாரும் கண்டுபிடிக்கல, நான்தான் சரி பண்ணேன்னு சொன்னேன். அது தப்பா வந்த தண்ணின்னு சொன்னேன். மேட்டுத் தெரு விஷயத்தையும் சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. அப்புறம்தான் மச்சான் ஞாபகம் வந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் மேசைமேல் இருந்த பென்சில் டப்பா உருண்டுவிட்டது. டிரைவர்மேலா, இவர்மேலா, தெரியவில்லை.

"ஏன் சார், தலையை ஆட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா? தாளைத்தான் சரி பண்ணிட்டீங்களே, அப்புறம் என்ன? ஒரு பொய்தானே?"

பென்சில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டபடி சொன்னார். "ஆட்டியிருக்கலாம்மா. ஆனா அந்த நாற்காலி எனக்குப் போட்டதில்ல. தண்ணி கொண்டுவந்த எவனோ ஒருத்தனுக்குப் போட்டது. அப்படி ஒருத்தன் இல்லவே இல்லையே. அவன் இடத்துல எத்தனை நாள்தான் நான் உட்கார்ந்திருக்கிறது?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. பன்னிரண்டு வருடம் திட்டு வாங்கியும் வராத அழுகை. காட்டிக்கொள்ளாமல் திரும்பி உட்கார்ந்தேன்.

அன்று காலை மேட்டுத் தெருவிலிருந்து ஒரு போனும் வரவில்லை. பத்து மணிக்கு மேல் கமா சார் இரண்டு மூன்று தடவை என் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு கூப்பிடலையே?"

"கூப்பிட மாட்டா சார். தண்ணி வந்துடுச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட எனக்குப் போன் பண்ணதில்ல. சத்தம் இல்லைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்."

"சரிதான்" என்று தன் இடத்துக்குப் போய்விட்டார். மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே தொப்பி இருந்தது. வெள்ளிக்கிழமை அதை வீட்டுக்கே எடுத்துப் போகவில்லை. பூஜ்யத்தைத் தட்டியபோதே எல்லாம் தெரிந்துதான் தட்டியிருக்கிறார். இழுப்பறையை மூடினார்.

நான் புகார்ப் பதிவில் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடி எடுத்தேன். இத்தனை வருடத்தில் அந்தத் தொலைபேசியிலிருந்து நான் யாரையும் கூப்பிட்டதில்லை. சுழற்றி, மணி போவதைக் கேட்டதும் ரிசீவரை அவரிடம் நீட்டினேன். பதறிப்போய் வாங்கினார்.

"வந்து... தண்ணி ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்மா. தண்ணி ஒழுங்கா வருதா?" என்றார். அந்தப் பக்கம் என்னவோ சொன்னாள். "சரிம்மா, பாருங்க, நான் இருக்கேன்" என்றார். அப்புறம் பேச்சே இல்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நின்றார். எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. இரண்டு பேர் புகார் சொல்ல நேரிலேயே வந்து நின்றார்கள். கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்தேன்.

"யார் சார் பேசுறாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் வாய்ப் பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"யாரும் பேசலம்மா. அப்பாவைக் குளிப்பாட்டிக்கிட்டிருக்காங்க. போனை வைக்க மறந்துட்டாங்க. தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது" என்றார். மறுபடியும் காதில் வைத்துக்கொண்டார்.